காணியும் மண்ணும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, வீடு கட்டும் காணியின் மண்ணைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் கூடிவிட்டன. பலருக்கும் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தோட்டத்தில் எங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணி அளந்து தந்திருக்கிறார்கள். மாசி மாதம் மேசன் பாஸ் வந்து அலவாங்கால் குத்திப் பார்த்தார். "மண் கல்லு மாதிரி இருக்கு, ஒன்றரை அடி அத்திவாரம் போதும்" என்றார். அதை நம்பி வேலையைத் தொடங்கலாமா?
– வாசகர், ஹட்டன்

அலவாங்கால் குத்திப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அவர் குத்திய மாதம் சரியில்லை. ஹட்டன் பக்கத்துக்குப் பெரிய மழை வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை பெய்யும். மாசி மாதத்தில் மண் காட்டும் கெட்டித்தனத்தில் பெரும்பகுதி ஆடியில் இருக்காது.

இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்துங்கள். பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். அப்படியே வாளித் தண்ணீருக்குள் போட்டால் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். மண்ணும் இப்படித்தான். துகள்களுக்கு இடையில் கொஞ்சம் ஈரம் இருக்கும் வரை அந்த ஈரமே அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் வெயில் காலத்தில் 10 அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண்கூட அசையாமல் நிற்கிறது. தொடர் மழையில் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பியதும் அந்தப் பிடி போய்விடும். வெட்டிய அன்று நின்ற மண் ஆறு மாதம் கழித்து விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே குழி வெட்டிப் பாருங்கள். 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் வீடு வரும் இடத்தின் மேல் ஓரத்தில் ஒன்றும் கீழ் ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு குழிகள் போதும். 3 அடி அகலம், 5 அடி ஆழம். ஆழம் 4 அடியைத் தாண்டிய பிறகு யாரும் உள்ளே இறங்க வேண்டாம். பக்கச் சுவர் சரிந்தால் நெஞ்சளவு மண்ணே ஆளைக் கொல்லும். மேலே நின்று மண்வெட்டியால் சுவரைச் சுரண்டிப் பாருங்கள்.

மேலே கறுத்த மண் அரை அடியிலிருந்து ஒரு அடி வரை இருக்கும். இலையும் வேரும் உக்கிய மண் அது. அதன்மேல் அத்திவாரம் வைக்கவே கூடாது. அடுத்து மஞ்சளோ சிவப்போ கலந்த களிப்பான மண் வரும். அதற்கும் கீழே உக்கிய கல். இந்த இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். வெள்ளைப் பளிங்குக்கல் நரம்பு ஒன்று நூல் போட்டதுபோல் அறுபடாமல் ஓடுகிறதா? பாறையில் இருந்த வரிகள் மண்ணிலும் அப்படியே தெரிகின்றனவா? அப்படியென்றால் அந்த மண் அதே இடத்தில் பாறை உக்கி உண்டானது, எங்கிருந்தும் வந்ததல்ல. மாறாக, வரி எதுவும் இல்லாமல் சிறிய கல், பெரிய கல், களி எல்லாம் கலந்து கிடந்தால், நடுவில் எங்காவது பழைய கறுத்த மண் பட்டையாகப் புதைந்திருந்தால், அது மேலேயிருந்து எப்போதோ சரிந்து வந்து தங்கிய மண். ஒருமுறை வந்த மண் இன்னொருமுறையும் நகரக்கூடும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் லயங்களோடு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளோடு) இறங்கியது இந்த வகை மண்தான். உங்கள் குழியில் இது தெரிந்தால் அத்திவாரத்தை ஆழமாக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வேலையை நிறுத்திவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.

சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகவும் இடையிடையே துருப்பிடித்த நிறத்திலும் மண் இருந்தால், வருடத்தில் சில மாதங்கள் அந்த மட்டம் வரை தண்ணீர் நிற்கிறது. நீங்கள் பார்க்கும் அன்று குழி காய்ந்திருந்தாலும் இந்த நிறம் பொய் சொல்லாது.

கெட்டித்தனத்தைப் பார்ப்பதற்குக் குழியின் அடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது ஊறிய பின் வெட்டியெடுத்த ஈரக் கட்டியில் கட்டைவிரலை அழுத்துங்கள். விரல் சுலபமாக உள்ளே போனால் மென்மண். பலம் கொடுத்து அழுத்தினால் மட்டும் பள்ளம் விழுந்தால் நடுத்தரம். நகம்தான் பதிகிறது என்றால் நல்ல கெட்டி மண். தகரக் கூரை போட்ட ஒரு மாடி வீட்டின் சுவர், அத்திவாரக் கல்லையும் சேர்த்து, மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைத் தொன் பாரம் தரும். அத்திவாரத்தின் அடி அகலம் 2 அடி என்றால் சதுர மீட்டருக்கு 4 தொன் அளவில் வரும். நகம் மட்டும் பதியும் மண் 10 தொன் தாங்கும். விரல் சுலபமாக இறங்கும் மண்ணுக்கு அந்த 4 தொன்னே கூடுதல். பிறகு கொங்கிரீட் தட்டுப் போட்டு மேல்மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் பாரம் இரண்டு மடங்காகும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு சின்னச் சோதனை. குழிக்குள்ளிருந்து எலுமிச்சங்காய் அளவு கட்டி ஒன்றை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கிளாசுக்குள் மெதுவாக விடுங்கள். சில நிமிடங்களிலேயே கரைந்து குவியலாக உட்கார்ந்தால், அல்லது கட்டியைச் சுற்றிப் பால் போல வெண்மை பரவினால், மழை நேரடியாகப் படும் வெட்டுச் சரிவை அந்த மண்ணில் திறந்தபடி விடக்கூடாது. மறுநாள் வரை கட்டி உருக்குலையாமல் இருந்தால் நல்லது.

இதெல்லாம் நீங்களே செய்யக்கூடியவை. ஆனால் இவை நிபுணரின் அறிக்கைக்கு ஈடாகாது. மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படும். அந்த நிறுவனம் மண்சரிவு ஆபத்து வலயங்களை 1:10,000 அளவில் வரைபடமாக்கி வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தில் 1 சென்ரிமீட்டர் தரையில் 100 மீட்டர். உங்கள் 7 பேர்ச்சஸ் அதில் ஒரு புள்ளிதான். வரைபடத்தில் உங்கள் பகுதி ஆபத்தில்லாத நிறத்தில் இருந்தாலும், காணிக்கு நேர் மேலே இருக்கும் ஒரு ஊற்றையோ பழைய வெட்டையோ அது காட்டாமல் போகலாம். வரைபடம், குழி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

செம்மண் என்றால் உறுதி, மஞ்சள் மண் என்றால் பலமில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கம்பளை

இல்லை. சிவப்பும் மஞ்சளும் மண்ணில் இருக்கும் இரும்பின் நிறம். தண்ணீர் நன்றாக வடியும் இடத்தில் சிவக்கும், ஈரம் நீடிக்கும் இடத்தில் மஞ்சளாகும். ஆக நிறம் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறது, பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சரிந்து வந்த மண்ணும் அழகாகச் சிவந்திருக்கும்.

சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி வீடு கட்டினோம். மூன்றாம் வருடம் நடு அறைச் சுவரில் வெடிப்பு வந்தது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கிறது. இரண்டு தடவை சீமெந்து பூசி அடைத்தும் மறுபடி திறக்கிறது.
– வாசகர், பதுளை

மலையகத்தில் அதிகம் நடக்கும் தவறு இது. எழுதுவதைப் பார்த்தால் வெடிப்பு எங்கே தொடங்கியிருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம்: வெட்டிய தரையும் கொட்டிய மண்ணும் சந்திக்கும் கோட்டில். வீட்டின் பின்பாதி நூற்றாண்டுகளாக இறுகிய மண்ணில் நிற்கிறது, முன்பாதி பெக்கோ இயந்திரம் கொட்டிய மண்ணில் நிற்கிறது. தளர்வாகக் கொட்டிய மண் நனைந்து இறுகும்போது தன் உயரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கினாலும், 6 அடி நிரப்பில் அது மூன்றரை அங்குலம். பின்பக்கம் அசையாது. முன்பக்கம் தலை குனிவதுபோல் இறங்கும்போது சுவரின் மேல்பகுதிதான் முதலில் கிழியும். வெடிப்பு மேலே அகலமாக இருப்பது அதனால்தான்.

பூசி அடைப்பதை இப்போதைக்கு விடுங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, ஆணித் தலைகளுக்கு இடையிலான தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து திகதியோடு சுவரிலேயே எழுதி வையுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையைத் தாண்டியும் தூரம் மாறாவிட்டால் மண் இறங்கி முடிந்தது, அப்போது திருத்தலாம். மழைக்கு மழை கூடிக்கொண்டே போனால் அத்திவாரத்தைக் கீழே உறுதியான மண் வரை இறக்க வேண்டும். அதை ஒரேயடியாகத் தோண்டிச் செய்யக்கூடாது. ஒரு மீட்டர் நீளம் தோண்டிக் கொங்கிரீட் இட்டு, அது இறுகிய பின், இடைவிட்டு அடுத்த மீட்டர். பொறியியலாளர் ஒருவர் கூட நிற்க வேண்டிய வேலை இது.

அதற்கு முன் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முன்பக்கத் தாழ்வாரத்திலிருந்து நேரே அந்தக் கொட்டிய மண்ணிலேயே விழுந்து ஊறிக்கொண்டிருந்தால், பீலியும் குழாயும் போட்டுச் சீமெந்துக் கானில் விட்டு வெளியேற்றுங்கள். இந்த ஒரு வேலையிலேயே வெடிப்பு அடங்கிய வீடுகள் உண்டு.

இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கு: வீடு முழுவதையும் வெட்டிய தரையிலேயே வையுங்கள். கொட்டிய மண்ணை முற்றத்துக்கும் பூக்கன்றுக்கும் விடுங்கள். இடம் போதாமல் வீடு நிரப்புக்கு மேல் வந்தே தீரும் என்றால், அந்தப் பக்கத்து அத்திவாரத்தை நிரப்பைத் தாண்டி அசல் தரைக்குள் இறக்குங்கள். நிரப்பும் முறையும் முக்கியம். முதலில் புல்லையும் கறுத்த மண்ணையும் வழித்தெடுக்க வேண்டும். சரிவைப் படிக்கட்டாக வெட்ட வேண்டும். பிறகு 6 அங்குலத்துக்கு ஒரு படையாக மண் போட்டு ஒவ்வொரு படையையும் இறுக்க வேண்டும். புல்லின் மேலேயே மண்ணைக் கொட்டினால் அந்தப் புல் உக்கி வழுக்குப் பலகையாகிவிடும்.

பின்பக்க வெட்டின் அடியிலிருந்து வீட்டுச் சுவர் வரை, வெட்டின் உயரத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். கல்லால் தடுப்புச் சுவர் கட்டினால் அடி அகலம் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். 5 அடிச் சுவருக்கு இரண்டரையிலிருந்து 3 அடி. அதற்கு மேற்பட்ட உயரத்தைக் கணக்குப் போடாமல் கட்டக்கூடாது. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்குச் சல்லிக்கல், 5 அடிக்கு ஒரு 3 அங்குலக் குழாய். விழுந்த சுவர்களில் பல கல் பலமில்லாமல் விழுந்தவை அல்ல. குழாயின் வாயைச் சாந்து அடைத்திருக்கும், பின்னால் சல்லிக்குப் பதில் வெட்டிய களியையே திணித்திருப்பார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளிவிடும்.

மலசலகூட உறிஞ்சு குழியை வீட்டுக்குப் பின்னால் மேட்டில் வைப்பதா, முன்னால் பள்ளத்தில் வைப்பதா? எங்கள் பக்கம் சுண்ணக்கல் பாறை உள்ளது.
– வாசகர், மாத்தளை

மேட்டில் வேண்டவே வேண்டாம். நாள்தோறும் அதில் விடும் தண்ணீர் உங்கள் பின்சுவருக்கும் வெட்டுச் சரிவுக்கும்தான் வரும். தடுப்புச் சுவரின் தலைக்கு நேர் பின்னாலும் வேண்டாம். வீட்டுக்குக் கீழே, பக்கவாட்டில், கிணற்றுக்கும் ஊற்றுக்கும் 50 அடிக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள்.

மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று அளந்துவிட்டுத்தான் குழி வெட்ட வேண்டும். உறிஞ்சு குழியின் ஆழத்துக்குத் தோண்டி, அடியில் ஒரு அடிக்கு ஒரு அடியாக, ஒரு அடி ஆழத்தில் சிறுகுழி எடுங்கள். பக்கங்களைக் குச்சியால் கீறிவிடுங்கள். மண்வெட்டி தேய்த்த களி வழவழப்பாக அடைத்துக்கொண்டு அளவைக் கெடுக்கும். மாலையில் நிரம்பத் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, தண்ணீர் மட்டம் 225 மில்லிமீட்டரிலிருந்து 75 மில்லிமீட்டருக்கு இறங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்த்து 150ஆல் வகுங்கள். வரும் எண் 15க்கும் 100க்கும் இடையில் இருந்தால் உறிஞ்சு குழி வேலை செய்யும். 100ஐத் தாண்டினால் களி அதிகம், ஆழக்குழி நிரம்பி வழியும். அதற்குப் பதில் சமமட்டத்தில் நீண்ட ஆழமில்லாத வாய்க்காலாக வெட்டிச் சல்லி நிரப்பலாம். 15க்குக் குறைந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சுண்ணக்கல் பக்கங்களில் இதுதான் பயம். கல்லில் இருக்கும் வெடிப்பு வழியாக அழுக்குத் தண்ணீர் வடிகட்டப்படாமலே யாருடைய கிணற்றுக்காவது போய்ச் சேரும். அங்கே குழியின் அடியிலும் பக்கங்களிலும் மணல் படை இட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். பாறை வெடிப்பே குழிக்குள் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள காணியில் மண் அரிப்பைத் தடுக்க என்று கான் வெட்டி, அதற்குள் குழி குழியாக எடுத்துத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். நல்ல வேலைதான் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, வெலிமடை

உங்கள் பயம் நியாயமானது. அவர்கள் செய்வதும் தவறல்ல. தேயிலை மலைகளில் காலங்காலமாகச் செய்வதுதான்: 120 அடிக்கு ஒரு அடி என்ற மெல்லிய சாய்வில் கான், இடையிடையே மண்ணைப் பிடிக்கக் குழி. தண்ணீர் மண்ணில் இறங்கும், மேல்மண் ஓடையில் போகாது. 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் முதல் இன்றுவரை சொல்லப்படுவது மண்ணை இருந்த இடத்தில் பிடித்து வைக்கச் சொல்லித்தான்.

ஆனால் பயிருக்குத் தண்ணீர் உள்ளே போக வேண்டும், வீட்டுக்கு மேலே உள்ள சரிவுக்குத் தண்ணீர் வெளியே போக வேண்டும். இரண்டும் ஒரே துண்டுக் காணியில் ஒத்துப்போகாது. அயலாரோடு பேசி, உங்கள் வீட்டுக்கு நேர் மேலே வரும் பகுதியில் மட்டும் குழிகளை மூடச் சொல்லுங்கள். அந்த நீளத்துக்குக் கானைச் சீமெந்து பூசிப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். உங்கள் வெட்டுச் சரிவின் விளிம்பிலிருந்து ஏழெட்டு அடி பின்னால் இப்படி ஒரு பூச்சுக் கான் இருப்பது மிகவும் நல்லது. பூசாமல் வெட்டுவதானால் வெட்டவே வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன், பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடித்த கான் தண்ணீரைக் கொண்டுபோகாது, மலைக்குள் ஊற்றும்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய காணியில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட எண்ணம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை டொலமைட் போட வேண்டும்?
– வாசகர், கந்தப்பளை

மூட்டைக் கணக்கை மண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தேயிலைக்குப் பிடித்த அமிலத்தன்மை 4.5 முதல் 5.5 பிஎச் (இந்த எண் குறையக் குறைய மண்ணில் அமிலம் கூடுதல்). மரக்கறிக்கு 5.5 முதல் 6.5 வேண்டும். மண்ணின் அமிலத்தைக் குறைக்கத்தான் டொலமைட் என்ற சுண்ணக்கல் தூளைப் போடுகிறோம். இந்த இடைவெளியை நிரப்ப அது எவ்வளவு தேவை என்பது களியையும் உக்கலையும் பொறுத்தது. ஒரே பிஎச் உள்ள இரண்டு காணிகளில் கறுத்த களி மண்ணுக்கு மணல் மண்ணைவிடப் பல மடங்கு பிடிக்கும்.

காணியில் வளைந்து வளைந்து நடந்து பத்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுங்கள். உரம் குவித்த இடம், எரு மேடு, பாதையோரம் வேண்டாம். ஒரு வாளியில் நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்துப் பாதியைத் தள்ளி, மறுபடி அப்படியே செய்து அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் காயவைத்து ஆய்வுக்குக் கொடுங்கள். பொசுபரசு அளவையும் கேளுங்கள். நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் வருடக்கணக்காகப் போட்ட பொசுபரசு மண்ணிலேயே தேங்கிக் கிடக்கிறது. இருப்பதற்கு மேல் காசு கொடுத்துப் போடத் தேவையில்லை. டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து காற்றோடு போகும். டொலமைட் போட்ட உடனே உருளைக்கிழங்கு நட வேண்டாம், கிழங்கில் சொறி வரும். முதல் போகம் லீக்ஸ் போடுங்கள்.

அதற்கும் முன் சரிவை அளந்து பாருங்கள். 10 அடிக் கம்பின் ஒரு நுனியை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து மட்டமாகப் பிடித்து, பள்ளப் பக்க நுனியிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். 6 அடி வந்தால் சரிவு 60 வீதம், அதாவது 31 பாகை. அந்த அளவுச் சரிவை வருடத்துக்கு இரண்டு தடவை கொத்திப் புரட்டினால் மேல்மண் நிற்காது. தேயிலையாகவே விடுங்கள், அல்லது மரம் வையுங்கள்.

மழை எச்சரிக்கையில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று சொல்கிறார்கள். எங்கள் லயத்தில் எவ்வளவு மழை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஹல்துமுல்ல

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு (மஞ்சள்), 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம் (செம்மஞ்சள்), 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் (சிவப்பு). ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். மலைக்கு மலை மழை மாறும். அதனால் லயத்திலேயே அளப்பது மிக நல்லது.

வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேரான பக்கம் கொண்ட தகரப் பேணி ஒன்று போதும். பால்மாப் பேணி சரியாக இருக்கும். கூரை, மரம் எதுவும் மறைக்காத இடத்தில் இடுப்பளவு கம்பில் கட்டி, தினமும் காலை ஒரே நேரத்தில் உள்ளே அடிமட்டம் வைத்து அளந்து கொட்டிவிடுங்கள். 75 மில்லிமீட்டர் என்பது 3 அங்குலம். பெருமழை இரவுகளில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். இதை ஒருவர் தலையில் கட்டாமல் லயத்தில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பேணியில் அளவு குறைவாக இருந்தாலும் சில அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். மலை ஊற்றிலிருந்து வழக்கமாகத் தெளிவாக வரும் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, தரையில் பிறை வடிவில் வெடிப்பு, நேற்றுவரை இல்லாத இடத்தில் ஊற்று, கதவும் யன்னலும் இறுகிப் போவது, கம்பங்கள் சாய்வது. பீலி நின்றது நல்லதற்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலைக்குள் தண்ணீர் போகும் வழி அடைபட்டு உள்ளேயே நிரம்புகிறது என்று அர்த்தம். அப்போது கானோடு, ஓடையோடு இறங்கி ஓட வேண்டாம். சரிந்து வரும் மண்ணும் அந்தப் பள்ளத்தில்தான் வரும். பக்கவாட்டில் மேடான முகட்டுக்குப் போங்கள். பாதையைப் பகலிலேயே பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு ஒருதரம் நடந்து பார்த்து வையுங்கள்.